ஓரு வெள்ளமும் விஷு வெள்ளரியும்

1. தலையாட்டிய நாள்

மட்டாஞ்சேரியில் தேவகிச் சேச்சியின் காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் நான் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். இன்று நீங்கள் மோட்டார் ஸ்விட்சைத் தட்டிவிட்டுச் சாயா குடிக்கப் போகிறீர்கள். எனக்கு இரண்டு குடமும் ஒரு கயிறும்தான்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். வறட்சியைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற மிதப்பு நிறையவே இருந்தது. மலையாளம்தான் அரைகுறை.

முதல் நாள் சேச்சி தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். வீட்டை ஒட்டிச் சின்னக் கிணறு, அடியில் கொஞ்சம் தண்ணீர். கிழக்கே, காயல் பக்கம், பெரிய கிணறு.

“மீனம் வந்தா கிழக்கே கிணறு ஓரு வெள்ளமா, கேட்டோ?”

“சரி சேச்சி!”

மீனம் என்றால் நம் பங்குனி. பங்குனி வெயிலிலும் ‘ஒரே வெள்ளம்’ என்றால் எப்பேர்ப்பட்ட கிணறு! என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன். சித்திரைப் பிறப்பான விஷு வரை ஒழுங்காக வேலை பார்த்தால் தோட்டத்து ரூமைத் தருவதாகவும் சேச்சி சொல்லியிருந்தார். கல்யாணமான ஆறாவது மாதமே மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தவனுக்கு அந்த ரூம்தான் எல்லாம்.

2. தீய்ந்த இலை

விஷுவன்று காலையில் கண் விழித்ததும் பார்க்கிற மங்கலத் தட்டான கணிக்குப் பொன்னிற வெள்ளரி வேண்டும். தெருவில் ஏழு வீட்டுக்குத் தருவதாகச் சேச்சி வாக்குக் கொடுத்திருந்தார்.

பங்குனி பாதியில் வெள்ளரி இலைகளின் ஓரம் தீய்ந்தது. வெயில் என்று நினைத்து இரண்டு குடம் கூட ஊற்றினேன். இன்னும் தீய்ந்தது. இன்னும் ஊற்றினேன்.

மார்க்கெட்டிலிருந்து வந்த சேச்சி கொடியைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார்.

“எடா, இது ஓரு வெள்ளம்னு ஞான் பறஞ்ஞதல்லே?”

“ஆமா சேச்சி, ஒரே வெள்ளம்னு சொன்னீங்க. அதான் அதுலேயே கோருனேன்.”

கோடையில் காயல் உப்பு ஏறிய தண்ணீருக்கு அங்கே ஓரு என்று பெயர்; வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். உப்பைத்தான் நான் குடம் குடமாகக் கொட்டியிருந்தேன். சேச்சி சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

“விஷுவுக்கு ரெண்டாழ்ச்சயே உள்ளூ. வெள்ளரி போயா ரூமும் இல்லா.”

இருந்தது இரண்டே வாரம்.

3. குழாயடி

சின்னக் கிணறு ஏற்கெனவே வற்றிவிட்டது. மிச்சம் தெருக்குழாய்தான். விடிந்ததும் குடத்தோடு பெண்கள் வரிசையில் போய் நின்று, வெள்ளரிக்கு என்றேன்.

“வெள்ளரிக்கோ? இவிடெ மனுஷ்யனு குடிக்கான் வெள்ளமில்ல!” என்று ஒரு சேச்சி விரட்டினார்.

மானத்தைப் பார்த்தால் ரூம் போய்விடும். “சேச்சி, உங்க வீட்டுக் கணி வெள்ளரிதான் காயுது. தப்பு என்னோடது” என்று கிணற்றுக் கதையை அப்படியே சொன்னேன். வரிசை முழுக்கச் சிரித்தது. ஆனால் அந்த ஏழு வீட்டுக்காரர்களும் தினமும் அரைக்குடம் ஊற்றினார்கள்.

அந்தத் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் அளந்து வேரில் மட்டும் விட்டேன். ஈரம் காயாமல் தேங்காய் மட்டையால் மூடினேன். பாதிக் கொடி செத்தது. விஷுவுக்குத் தேறியது சரியாக ஏழு காய். சேச்சி ஏழையும் அந்த வீடுகளுக்கே அனுப்பிவிட்டுத் தன் கணிக்குத் தேறாத, பாதி பழுத்த ஒன்றை வைத்தார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ரூம் சாவியையும் அன்றே கொடுத்தார்.

குடத்தைத் தூக்கும் முன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். புரியாத சொல்லுக்குத் தலையாட்டாதீர்கள். நாற்பது வருஷத் தோட்ட வேலையில் நான் கற்றது இவ்வளவுதான்.

மனைவி வந்த மறுநாள், சேச்சி தோட்டத்தைக் காட்டி அவளிடம் என்னவோ நீளமாகச் சொன்னார். அவளும் பலமாகத் தலையாட்டினாள்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்?” என்றாள்.

குடத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுச் சேச்சியின் பின்னால் ஓடினேன்.