ஆடும் சக்கரமும் அமானுல்லா பாயும்

சைக்கிளின் முன்னால் குந்தியதுமே அமானுல்லா பாய்க்குக் கண் மூடிக்கொள்ளும். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டை அடுத்த புங்கமர நிழலில், அவருடைய சைக்கிள் ரிப்பேர் கடையில் இதைப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள், மனிதர் தூங்கிவிட்டார் என்றே நினைப்பார்கள். தூக்கமில்லை. பின்சக்கரத்தை இரு கையாலும் பிடித்து, இடமும் வலமுமாக மெல்ல அசைத்துக்கொண்டிருப்பார். கண் திறந்திருந்தால் கை பொய் சொல்லுமாம்.

"கம்முனு இரு நைனா. அது பேசிகினு கீது" என்பார்.

அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் காசிநாதன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் வந்தவள் அவர் மனைவி கண்ணகி. போன வாரம் வளைவில் சக்கரம் ஆடி, கேரியரிலிருந்து விழுந்தவள். முழங்கைக் காயம் இன்னும் ஆறவில்லை. சாயங்காலம் அவள் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். தாய்வீடு இருப்பதோ பஸ் எட்டிப் பார்க்காத ஊர். நடந்தால் வந்தவர்கள் எழுந்து போன பிறகுதான் போய்ச் சேரலாம்.

"நடந்தே பூடுறேன். அதுல மட்டும் குந்த மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம்.

"ரோடு சரியில்ல பாய். வண்டி நல்லாத்தான் கீது" என்றார் காசிநாதன்.

"ரிம்மு நேராத்தான் சுத்துது. ஹப்புலதான் லொடலொடங்குது. உள்ள குண்டுங்கள அண்டக் குடுக்கிற கோனு லூசு. ரோட்டு மேல ஏன் பழி போடுற?"

சக்கரத்தைக் கழற்றிக் கோனை இறுக்கினார். சுற்ற மறுத்து முரண்டு பிடித்தது. மயிரளவு தளர்த்தினார். அச்சை இரு கையிலும் ஏந்திச் சுற்றிவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். டீக்கடையில் இலங்கை வானொலி, சவுக்குத் தோப்பின் இரைச்சல், அதற்கப்பால் கடல். இந்த நேரம் அவருக்கு எவ்வளவு பிடிக்கும்! யாராவது அவசரப்படுத்தினால் தொலைந்தார்கள். சக்கரம் ஓய்ந்து, முன்னும் பின்னும் ஊசலாடி, வால்வு தானாகக் கீழே வந்து நின்றது. இறுக்கமுமில்லை, ஆட்டமுமில்லை. சிரித்தபடி சக்கரத்தை வண்டியில் மாட்டினார்.

"இனிமே ஆடாதுன்னு இன்னா நிச்சயம்?" என்றாள் கண்ணகி.

பாய் கைலியை இழுத்துச் சொருகிக்கொண்டு, பெண்களைப் போலவே ஒருபக்கமாகக் கேரியரில் உட்கார்ந்தார். யார் உட்காரும் இடமோ அங்கே தான் ஒரு தடவை உட்காராமல் வண்டியை அனுப்புவது அவர் வழக்கமில்லை.

"மிதி காசி. அந்த வளைவுக்கே வுடு."

பஸ் ஸ்டாண்டே சிரித்தது. வளைவில் பாய்க்குக் கண் சொருகியது. கீழே ஒரு நடுக்கமில்லை. முகத்தில் உப்புக் காற்று மட்டும். இன்னும் கொஞ்ச தூரம் போகலாமே என்றிருந்தது. ஆனால் மரத்தடியில் ஒருத்தி காத்திருக்கிறாள்.

திரும்பி வந்து இறங்கினார். தோள் துண்டை உதறி நாலாக மடித்து, கேரியர் கம்பி மேல் வைத்தார். "குந்து தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, அவள் ஏறி உட்காரும்வரை, கண்ணை இமைக்காமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.