குளிர்ந்த மேடையும் சுடுதண்ணீர்ப் பைகளும்

எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்பேர்னுக்கு மேற்கே உள்ள ஒரு பழைய தங்கச்சுரங்க நகரில், நகரசபைக்கு வடிகால் வரைபடங்கள் வரைந்துகொண்டிருந்தேன். குளிருக்குப் பேர்போன ஊர். மாலைகளில் எனக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் இருந்தது. குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை ஊர் மண்டபத்தில் நடக்கும் கலைமாலையைத் திட்டமிட்டு நடத்துவது. மண்டபக் குழுவின் கூட்டமொன்றில் யார் யாருக்குப் பின் மேடையேறுவது, திரை எப்போது விழுவது என்றெல்லாம் நான் எழுதிக்கொண்டிருந்ததைக் குழுத்தலைவி பார்த்துவிட்டார். ஓய்வுபெற்ற பள்ளி அதிபர் அவர். "இனி நீங்களே நடத்துங்கள்" என்று சொல்லி, மண்டபத் திறப்புக்கொத்தை என் கையில் தந்துவிட்டார்.

பித்தளை வாத்தியக் குழு, வேல்ஸ்காரரின் கூட்டுப்பாடல், பொம்மையைப் பேசவைக்கும் தபால்காரர் என்று இரண்டு குளிர்காலங்கள் போயின. மூன்றாவது தொடங்கும்போது, சோறு பரிமாறிக்கொண்டே மனைவி கேட்டாள்.

"ஊரில இருக்கிற எல்லாரையும் மேடை ஏத்திறியள். பொம்மை கூட ஏறிட்டுது. எங்கட ஆக்கள் ஒருத்தரும் ஏறேல்லையே?"

"எங்கட ஆக்கள் எண்டு இஞ்ச ஆர் இருக்கினம்? நீ, நான், அந்த நேர்ஸ் பிள்ளை."

"அந்தப் பிள்ளை யாழ்ப்பாணத்தில அரங்கேற்றம் செய்தவள். தெரியுமோ உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் சாப்பிட வரும் அந்தப் பெண், ஆஸ்பத்திரிக் கதைகளைத் தவிர வேறெதையும் பேசியதில்லை. கேட்டதும் சம்மதித்தாள். கூடவே ஓர் ஆசையையும் சொன்னாள். மண்டபத்தோடு ஒட்டிய சிறிய அறை சனிக்கிழமைக் காலைகளில் சும்மா கிடந்தது. அதில் ஒரு நடன வகுப்பு.

"ஆடாமல் விட்டால் எனக்கே மறந்துபோகும் அண்ணை. நாலு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தால் உடம்பில நிக்கும்."

தலைவியிடம் கேட்டேன். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பியானோ ஆசிரியையும் அந்த அறையைக் கேட்கிறார். முதலில் நடனத்தைப் பார்க்கிறேன்" என்றார். ஆக, அறை கிடைப்பது அந்த ஒரு நடனத்தில் தங்கியிருந்தது.

இடைவேளை முடிந்ததும் முதல் நிகழ்ச்சியாக அவளை வைத்தேன். அவள் ஆடும் பரப்பை மேடையில் சோக்கால் சதுரமாகக் குறித்து, வெளிச்சத்தை அதற்கு ஏற்றபடி திருப்பினேன். மனைவி பக்கத்திலிருந்து பாடித் தாளம் போடுவதாக ஏற்பாடு.

நிகழ்ச்சியன்று மத்தியானம் மண்டபத்தைச் சூடாக்கும் பொயிலர் பழுதாகிப் போனது. திருத்துபவர் திங்கட்கிழமைதான் வருவார். டிக்கெட் எல்லாம் விற்றாயிற்று, வாத்தியக் குழுவும் புறப்பட்டுவிட்டது. கம்பளியும் சுடுதண்ணீர்ப் பையும் கொண்டுவரும்படி ஊர் வானொலியில் சொல்லச் செய்தேன். அந்த ஊர்க்காரர் குளிரை வீட்டு ஆளைப்போல் நடத்துபவர்கள். ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை. சுடுதண்ணீர்ப் பைகளை மடியில் வைத்துக் கம்பளியால் மூடிக்கொண்டு, வாத்தியக் குழுவை முழுமையாகக் கேட்டார்கள்.

இடைவேளைக்குத் திரை விழுந்ததும், நடன உடைக்கு மேல் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் வெறுங்காலுடன் சதுரத்துக்குள் வந்து இரண்டு அடவு போட்டுப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"அண்ணை, கால் விறைச்சுப்போச்சு. அடி விழுகுதோ இல்லையோ எண்டே தெரியேல்லை."

தலைவி அக்கறையோடு தன்னிடம் தடித்த கம்பளிச் சாக்ஸ் இருப்பதாகச் சொன்னார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தபடி தமிழில் என்னிடம் சொன்னாள்: "இதைப் போட்டு ஆடினால் வழுக்கி இவவின்ர மடியிலதான் போய் விழுவன். அறையும் போச்சு."

நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சதுரத்துக்குள் கால் வைத்தேன். இரண்டு வருடமாக அந்த மேடையில் நடந்திருக்கிறேன். அன்றுதான் அதை மிதித்தேன். குளிர் முழங்கால்வரை ஏறியது.

திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன். இடைவேளையில் சனம் மண்டபக் குசினி வாசலில் வரிசையாக நின்று பைகளுக்குப் புதிதாகக் கொதிதண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தது. உடனே மைக்கை எடுத்தேன்.

"அடுத்து ஆடப்போகிறவர் வெறுங்காலுடன் ஆட வேண்டும். பலகை பனிக்கட்டியாக இருக்கிறது. நிரப்பிய பைகளை இடைவேளை முடியும்வரை மேடைக்குக் கடன் தருவீர்களா?"

பின்வரிசையிலிருந்து தபால்காரர் கத்தினார்: "பத்திரமாகத் திருப்பித் தருவீர்களா? நான் தனிக்கட்டை, எனக்கு இரவில் அது ஒன்றுதான் துணை!"

சிரிப்பு அடங்குவதற்குள், முன்வரிசைக் கிழவி ஒருத்தி இளஞ்சிவப்பு உறை போட்ட பையைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசையே வந்தது. மனைவியும் நானும் முழங்காலில் நின்று பைகளைச் சதுரத்துக்குள் அடுக்கினோம். நான் ஓரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்க, மனைவி பொறுமையிழந்தாள்.

"இஞ்சாருங்கோ, நேரா அடுக்கினது காணும், விடுங்கோ. இது வடிகால் இல்லை."

பைகளோடு சனம் தந்த கம்பளிகளை மேலே விரித்து மூடினோம். மணி அடித்ததும் எல்லாவற்றையும் வாரிப் பக்கத்தில் குவித்தோம்; திருப்பிக் கொடுக்க நேரமில்லை. நேர்ஸ் கோட்டைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். திரை விலகியது. குனிந்து நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. உள்ளங்கையிலும் சூடு பட்டிருக்க வேண்டும்.

ஆடினாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மெதுவாக நடக்கும் பெண்ணா இவள் என்று இருந்தது. கீழே சனம் பையில்லாமல் குளிரில் இருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. ஜதி வேகம் பிடித்தபோது பின்வரிசைகளில் பூட்ஸ் கால்கள் தரையில் தட்டத் தொடங்கின. கேலியோ என்று எனக்குத் திக்கென்றது. கவனித்துக் கேட்டேன். விறைத்த காலைச் சூடாக்கத் தட்டியவர்கள், மனைவியின் தாளத்துக்கே தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் அதைக் கேட்டு, கைத்தாளத்தை இன்னும் பலமாகப் போட்டாள். கடைசி உருப்படிக்குள் பலகை மறுபடி குளிர்ந்திருக்கும். ஆடியவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

முடிந்ததும் தலைவி மேடைப்பக்கம் வந்தார். "பியானோவுக்கு வேறு இடம் பார்க்கலாம். சனிக்கிழமைக் காலை அறை உங்களுக்கு" என்று அவள் கையைப் பிடித்தார். பிறகு, "ஆனால் இந்த ஊரில் இதைப் படிக்க யார் வருவார்கள்?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை எங்கள் இருவரில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

தலைவிக்குப் பின்னால் பேக்கரிக்காரி இரண்டு பெண்பிள்ளைகளுடன் காத்துக்கொண்டு நின்றாள். சின்னவள் அரைமண்டி இருக்க முயன்று, பூட்ஸ் இடித்துத் தடுமாறினாள். நேர்ஸ் குனிந்து அவளுடைய முழங்கால்களை மெல்ல வெளிப்பக்கம் திருப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"சப்பாத்தைக் கழட்டச் சொல்லட்டோ அண்ணை?"

"இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. சனிக்கிழமை கழட்டட்டும்."