சைலண்ட்டைத் திறந்தவர்

ஆரோக்கியநாதன் அண்ணன் இப்போது பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடி வாசலில் காவல்காரராக உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் ரயிலடிக்குப் போகிற வழியில் பார்த்தேன். தொப்பி அவருக்குப் பெரிது, காதுவரை இறங்கியிருந்தது. "சாப்டியா காமினி?" என்று கேட்டார். ஒன்றுமே நடக்காத மாதிரி கேட்டார். இதை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

அவர் படகு ஓட்டிய மனிதர். பணக்காரர்கள் லீவு நாளில் ஏறி உட்கார்ந்து கூல்டிரிங்க்ஸ் குடித்துவிட்டு இறங்குகிற யாட் இருக்கிறதே, அதற்குக் கேப்டன். பிறந்தது புக்கிட் மெர்தாஜாம். இளவயதில் ஃபெர்ரியில் கயிறு கட்டுகிற வேலை. ஒரே தண்ணீரை அங்கிட்டும் இங்கிட்டும் கடந்து சலித்துப்போய், நாற்பது தாண்டிய பிறகு லைசென்சுக்குப் படித்தார். எழுத்துப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டார். மூன்றாவது தடவை தேறியதும் லீனா அக்கா, அவர் மனைவி, அந்த லைசென்சின் நகலுக்குச் சட்டம் போட்டு மாதா படத்துக்குக் கீழே மாட்டினார். கல்யாணப் போட்டோவைக் கழற்றிப் பக்கத்துச் சுவருக்கு மாற்றிவிட்டுத்தான் மாட்டினார். அந்த லைசென்சைத் தவிர அண்ணனுக்கு வேறு பிழைப்பும் இல்லை, பெருமையும் இல்லை.

நான் படகுகளுக்கு ரேடியோ, ரேடார் மாட்டித் தருகிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தங்கராஜு என்கிற கட்டட கான்ட்ராக்டர் புது யாட் வாங்கி, அதற்கு 'லேடி குமுதா' என்று பெண்டாட்டி பெயரை வைத்தார். அதில் ஏஐஎஸ் மாட்டியது நான்தான். சின்னப் பெட்டி. நம் படகின் பெயர், இருக்கும் இடம், போகும் வேகம், திசை எல்லாவற்றையும் சுற்றியுள்ள கப்பல்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவர்களுடையதையும் நமக்குக் காட்டும். அதில் சைலண்ட் என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் நம் பெட்டி வாயை மூடிக்கொள்ளும். மற்றவர்கள் நமக்குத் தெரிவார்கள், நாம் யாருக்கும் தெரிய மாட்டோம்.

'போட்டால்' என்று இங்கே எழுதுகிறேன். பினாங்கில் நாங்கள் அப்படிப் பேசுவதில்லை. மலாய்க்காரர்கள் விளக்கைத் திற என்பார்கள், மூடு என்பார்கள். அவர்களோடு பழகிப் பழகி நாங்களும் லைட்டைத் தொறப்போம், ஃபேனை அடைப்போம். ஆக, லேடி குமுதாவில் சைலண்ட்டைத் திறந்தால் ஏஐஎஸ் அடைந்துவிடும். சைலண்ட்டை அடைத்தால் ஏஐஎஸ் திறந்துகொள்ளும். நான் இதைச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு அண்ணன் ரொம்ப நேரம் சிரித்தார்.

திருமதி குமுதாவுக்குப் போனில் கப்பல்களைப் பார்க்கிற ஆப் ஒன்று கிடைத்ததும் சனியன் பிடித்தது. தன் பெயர் போட்ட படகு எங்கே நகர்கிறது என்று அந்த அம்மாள் வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். லங்காவி போகிறேன் என்று கிளம்பிய படகு யாருமில்லாத ஒரு தீவுப் பக்கம் இரவெல்லாம் நங்கூரம் போட்டு நின்றால் கேள்வி வருமா வராதா? வந்தது. அதன் பிறகு தங்கராஜு ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அண்ணனிடம், "அத தொறந்து வெச்சிரு" என்பார். அது என்றால் சைலண்ட். படகில் எல்லோருக்கும் தெரியும். பெண்டாட்டி பெயரை ஊருக்கெல்லாம் தெரியும்படி பொன்னெழுத்தில் எழுதிவிட்டு, அந்தப் பெயரையே கடலில் மறைக்கச் சொன்ன ஆள் அவர்.

செர்வீஸ் பார்க்கப் போனபோது எனக்கு விஷயம் தெரிந்தது. படகிலேயே அண்ணனோடு சண்டை போட்டேன்.

"மழையில, இருட்டுல ஒங்கள எவனுக்கும் தெரியாதுண்ணே. எவனாச்சும் இடிச்சா என்ன செய்வீங்க?"

"எனக்குத்தான் அவன் தெரியறானே. நான் வெலகிக்கிறேன்."

"ஒங்க லைசென்ஸ் போகும். பாஸுக்கு ஒண்ணும் ஆவாது."

"பாஸ் சொல்றத கேக்காம இருக்க முடியுமா காமினி? அவரு குடும்ப விஷயம் லா. நமக்கு எதுக்கு?"

குடும்ப விஷயமாம். அந்தக் குடும்ப விஷயத்தில் இவரை நடுக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. படகு திரையிலிருந்து காணாமல் போகும்போதெல்லாம் குமுதா அம்மாள் நேராக அண்ணனுக்குப் போன் அடிப்பார். இவர், "சிக்னல் இல்லம்மா, அந்தப் பக்கம் அப்படித்தான்" என்பார். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றாமல் வேலைக்குக் கிளம்பாத மனுஷன், கூசாமல் சொல்வார். ஒரு தடவை நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். போனை வைத்ததும், "பாவம், நல்ல அம்மா" என்றார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் அது நடந்தது. தங்கராஜு, அவருடைய கம்பெனி மேனேஜர் என்று சொல்லப்பட்ட நட்டாலி, இன்னும் இரண்டு நண்பர்கள். பினாங்குத் தீவின் வடமேற்கு முனைக்கு வெளியே திரும்பி வருகிறார்கள். விடிந்தும் விடியாத நேரம், மழை கொட்டுகிறது. எதிரே ஓர் இழுவைப் படகு, மணல் ஏற்றிய பார்ஜ் என்கிற தட்டைப் படகை இழுத்துக்கொண்டு வருகிறது. அண்ணன் அதைத் திரையில் பார்த்தார். அந்த ஆளும் நம்மைப் பார்த்திருப்பான், வேகத்தைக் குறைப்பான் என்று நினைத்துவிட்டார். எத்தனை வருஷப் பழக்கம், கண்ணுக்கு அவன் தெரிந்தால் அவனுக்கு நாம் தெரிவோம் என்றுதானே கை வேலை செய்யும். அந்த ஆளின் திரையில் லேடி குமுதா இல்லவே இல்லை. அண்ணன் கடைசியில் சுக்கானை வெட்டித் திருப்பியும் பார்ஜின் விலா படகைக் கிழித்துவிட்டது. நட்டாலி படியில் விழுந்து கை முறிந்தது. உயிர்ப்பலி இல்லை. அதுவும் அண்ணன் திருப்பியதால்தான்.

விசாரணை வந்தது. ஏஐஎஸ்ஸை நிறுத்தி வைத்தது யார் என்பதுதான் கேள்வி. முதலாளி உத்தரவு என்றால் முதலாளிக்குச் சிக்கல், இன்சூரன்ஸும் கையை விரித்துவிடும். கேப்டன் தானாகச் செய்தார் என்றால் லைசென்ஸ் காலி. கருவியைச் சோதித்து, பழுது இல்லை, சைலண்ட் ஆனில் இருந்தது என்று எழுதிக் கொடுத்தது நான். வேறு எப்படி எழுதுவது? அதுதான் உண்மை.

அண்ணன் பயப்படவே இல்லை. அவரிடம் தங்கராஜு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருந்தது. அதிகாரி ஃபாத்தின் அதைப் போட்டுக் கேட்டார். தங்கராஜு குரல் தெளிவாக வந்தது: "ஆரோக்கியம், கெளம்புறப்பவே அத தொறந்து வெச்சிரு. மறந்துட்டேன்னு சொல்லாத." மொழிபெயர்ப்பாளர் வார்த்தைக்கு வார்த்தை மலாயில் சொன்னார். திற என்றால் மலாயிலும் ஆன் செய் என்றுதான் பொருள்.

ஃபாத்தின் அண்ணனைப் பார்த்து, "உங்கள் முதலாளி ஏஐஎஸ்ஸை ஆன் செய்யச் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஏன் ஆஃப் செய்தீர்கள்?" என்று கேட்டார்.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. பாஸ் சைலண்ட்டைத்தான் சொன்னார் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னார். ஃபாத்தின் கெட்டவர் இல்லை. மெசேஜை மறுபடி போட்டார். அதில் சைலண்ட் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்டார். பிறகு தங்கராஜுவிடம் திரும்பி, அது என்று எதைச் சொன்னீர்கள் என்றார். தமிழன்தானே அந்த ஆளும், ஆனாலும் துளியும் கூச்சமில்லாமல், "ஏஐஎஸ்ஸைத்தான், வேறு எதை?" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். எங்கள் பேச்சில் சைலண்ட்டைத் திறப்பது என்றால் என்ன என்று விளக்கினேன். மனைவி போனில் பார்க்கக் கூடாது என்றுதான் மறைக்கச் சொன்னார், வெளியே அந்த அம்மாள் இருக்கிறார், கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். "வேணாம் காமினி, அந்தம்மா மனசு கஷ்டப்படும்" என்றார். அந்த நிலைமையிலும் அதைத்தான் சொன்னார்.

குமுதா அம்மாள் வந்தார். நட்டாலி யார் என்று அதற்குள் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. புருஷனைப் பார்க்காமல் நின்றார். இந்த அம்மாள் உடைத்துவிடுவார் என்று நான் நம்பினேன். "ஆமாம், படகு அடிக்கடி மறைந்துபோகும். நான் ஆரோக்கியத்திடம் பல தடவை கேட்டேன். சிக்னல் இல்லை என்றார். என் கணவர் சொன்னதாக ஒரு தடவைகூடச் சொல்லவில்லை" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"அப்படிச் சொன்னீர்களா?" என்றார் ஃபாத்தின்.

"சொன்னேன்" என்றார் அண்ணன்.

கருவியில் பழுதில்லை என்று என் கையெழுத்து இருக்கிறது. அப்படியானால் சிக்னல் இல்லை என்றது பொய். ஒரு விஷயத்தில் பொய் சொன்னவர் மற்றதில் மட்டும் உண்மை சொல்வாரா? ஃபாத்தின் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. லைசென்சை ரத்து செய்தார்கள்.

வெளியே வராந்தாவில் லீனா அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். தங்கராஜு வெளியே வந்து அண்ணன் தோளில் கை வைத்தார்.

"மனசுல வெச்சிக்காத ஆரோக்கியம். சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டுப் போ."

"சரிங்க பாஸ்."

தங்கராஜு இரண்டடி நடந்திருப்பார். அண்ணன் பின்னாலேயே போனார்.

"பாஸ், அடித்தட்டுல தண்ணி எறைக்கிற பம்ப் கொஞ்சம் சிக்கிக்குது. புது ஆளு வந்தா மொதல்ல அத பாக்கச் சொல்லுங்க. இல்லன்னா தண்ணி ஏறிடும்."

எனக்கு ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. தங்கராஜுவை இல்லை, ஆரோக்கியநாதன் அண்ணனை.

லீனா அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சத்தமே போடவில்லை. "நீங்க பாஸ் கூடவே கார்ல போய்டுங்க. நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றார்.

அண்ணன் நிஜமாகவே திரும்பி, பாஸின் கார் நிற்கிற பக்கம் பார்த்தார்.