நெஞ்சுக்குள் ஒரு கங்காணி

வீட்டு வேலையில் மயங்கி விழுவதற்கு லீவு கிடையாது; ஆறு மாதத்தில் மூன்று தடவை விழுந்தேன், மூன்று தடவையும் எழுந்து முதலில் அடுப்பைத்தான் பார்த்தேன். ஈ.சி.ஜி. எடுக்கும்போது மட்டும் என் நெஞ்சு கான்வென்ட் பிள்ளை மாதிரி ஒழுங்காக இருந்துகொள்ளும். கடைசியில், தோலுக்கு அடியில் ஒரு கருவி வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்றார் டாக்டர். என்னைப் போல விழுந்து எழும் சகோதரிகளே, நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரியாவிடை

நெஞ்சைப் பிளக்கப்போகிறார்கள் என்றே நினைத்தேன். ஊறுகாய் எந்த அலுமாரியில், மகளின் நகை எந்தப் பெட்டியில் என்று தாளில் எழுதி, பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் போனேன். இடது மார்புக்கு மேல் விறைக்க ஓர் ஊசி, அவ்வளவுதான். மயக்க மருந்துகூட இல்லை! எப்போது வெட்டுவீர்கள், யார் வெட்டுவது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்காது, டாக்டர் சொன்னார்: "அது எப்பவோ உள்ளே போயிருச்சும்மா. வாயைக் கொஞ்சம் மூடினீங்கன்னா பிளாஸ்டர் ஒட்டிருவேன்."

மடுல்சீமைக்காரியின் விளக்கம்

தீக்குச்சி நீளத்தில் ஒரு சாமான். இனி மயக்கம் வராது இல்லையா என்று நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டேன். வரலாம், இது வைத்தியம் எதுவும் செய்யாது, நெஞ்சு தப்பாகத் துடித்தால் பதிவு மட்டும்தான் செய்யும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதற்கா தோலைக் கிழித்தீர்கள்? பக்கத்துக் கட்டிலில், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மாரியாயி. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "எங்க கங்காணி மாதிரிங்கம்மா. நெஞ்சு என்னிக்கு வேலைக்கு வரலன்னு எழுதி வைக்கும். அது ஒரு கொழுந்து கிள்ளாது."

பொத்தான்

கையடக்கமாக ஒரு பொத்தானும் தந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அதை மார்பருகே பிடித்து அமுக்கினால், அந்த நேரத்துத் துடிப்பு பத்திரமாகிவிடும். வீட்டுக்காரர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒரு மாதம் கழித்துப் போனால், பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. நான் ஒரு தடவைகூட விழவில்லையே! விசாரித்தால், நான் திட்டும்போதெல்லாம் நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து இவர் அமுக்கியிருக்கிறார். கையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்ததை, சமாதானம் பேச வருகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்! டாக்டர் சொன்னார்: "அம்மா நெஞ்சு நல்லா இருக்கு. ஐயா, நீங்க வந்து படுங்க, உங்களை ஒருக்கா பார்ப்போம்."

பாதித் திட்டு

போன மாதம் பருப்பு வாங்கி வரச் சொன்னால், கடலை வாங்கி வந்து நின்றார். "கண்ணு எங்கே..." என்று ஆரம்பித்தவள் அடுப்படியிலேயே விழுந்துவிட்டேன். விழித்தபோது என் தலை அவர் மடியில். பொத்தான் சட்டைப்பையிலேயே இருந்தது. பதற்றத்தில் அமுக்க மறந்துவிட்டார். நல்ல வேளை, கருவி தானாகவே பதிவு செய்திருந்தது. டாக்டர் காட்டினார்: எட்டு செகண்ட், வெறும் நேர்கோடு. என் நெஞ்சு நின்றே போயிருக்கிறது! கருவியை எடுத்துவிட்டு, நெஞ்சு நின்றால் தட்டி எழுப்பும் பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அங்கே, நமுனுகுல பஸ்ஸைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அவர் சொன்னார்: "இனிமே எவ்வளவு வேணும்னாலும் திட்டு. பாதியில மட்டும் நிறுத்திடாதே."

அடுத்த கிழமை கங்காணியை இறக்கிவிட்டு, வேலை செய்கிற ஆளை உள்ளே வைக்கப்போகிறார்கள். அந்தக் கடலை விஷயத்தை நான் இன்னும் பேசி முடிக்கவில்லை.