எடுத்துவிட்ட புள்ளி

சிக்குன்குனியா வந்துபோன பிறகு அக்காவின் விரல்கள் சரியாக மடங்கவில்லை. தல்லாகுளத்தில் ஒரு வக்கீலிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். காய்ச்சல் போனது, கூடவே வேலையும் போனது, வலி மட்டும் தங்கிவிட்டது. 'சிக்கன் குனியா' என்று காதில் வாங்கிய பக்கத்து வீட்டம்மா கோழியை நிறுத்தச் சொன்னார். அதையாவது சிரித்துத் தள்ளலாம். "ரத்தத்துல எல்லாம் நார்மல், மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று டாக்டர் சொன்னதில்தான் அக்கா நொறுங்கிப்போனாள்.

என் ஆராய்ச்சியே இந்தத் தீராத வலியைப் பற்றியதுதான். வைரஸைத் தனியாகப் பார்க்காமல், அது புகுந்த உடம்பில் எந்த மரபணு விழித்தது, எது அடங்கியது, எது எதைத் தூண்டியது என்று மொத்தத்தையும் கணினியில் வலையாகப் பின்னிப் பார்க்க வேண்டும். வைரஸ் போன பின்னும் சிலர் உடம்பு ஏன் சண்டையை நிறுத்துவதில்லை என்பது எங்கள் கேள்வி. அக்காவும் ரத்தம் கொடுத்தாள்.

"எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கடி. எதுனால வலிக்குதுன்னு சொன்னாப் போதும்."

ரத்தம் கொடுத்தவர்கள் ஆளுக்கொரு புள்ளியாகக் கணினித் திரையில் விழுந்தார்கள். குணமானவர்கள் ஒரு கூட்டம், வலி தீராதவர்கள் ஒரு கூட்டம். அக்கா எதிலும் சேராமல் மூலையில் தனியாக நின்றாள்.

"அவுட்லையர். எடுத்துருங்க" என்றார் என் வழிகாட்டி.

"அவங்களுக்கும் வலிக்குதே சார். இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாப்போமே."

"ஒரு ஆளுக்காக மாடலை வளைக்க முடியாதும்மா. கட்டுரை நிக்காது."

ஒதுங்கி நிற்கும் புள்ளியில்தான் புது விஷயம் இருக்கும் என்று வகுப்பில் பாடம் எடுப்பவரும் இவரேதான். அக்காவின் புள்ளி படத்திலிருந்து போனது. கட்டுரை நன்றாகவே நின்றது. துறையில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார்கள். நான் தொடவில்லை. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

கட்டுரை வந்த செய்தி தெரிந்ததும் அக்கா பசுமலையில் இருந்த என் வீட்டுக்கு பஸ் பிடித்து வந்துவிட்டாள். லேப்டாப்பைத் திறக்கச் சொன்னாள். வீங்கிய விரலைக் கட்டுரையிலிருந்த புள்ளிப் படத்தின்மேல் மெல்ல நகர்த்தினாள்.

"இதுல நான் எதுடி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நீ இதுல இல்லக்கா. உன்னோடது மத்தவங்களோட ஒத்துப்போகலைன்னு எடுத்துட்டாங்க."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படத்தின்மேல் இருந்த விரலை எடுத்துக்கொண்டாள்.

"என்னைய எடுத்துட்டாங்க, சரி. வலிய எடுக்கலையேடி" என்றாள்.