‘ஒவ்வாமை: இல்லை’

மழை பிடித்தால் மலையில் இணையம் அறுந்து அறுந்துதான் வரும். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த புவனேஸுக்கு அது புதிதல்ல. அந்தத் தோட்டத்துக் கிளினிக்குக்கு நிரல் எழுதிக் கொடுத்ததும் அவள்தான். நோயாளிகளின் விவரமெல்லாம் கோலாலம்பூரில் ஒரு தரவுத்தளத்தில் இருந்தது. கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் தங்கராஜு இங்கே பெயரைத் தட்டினால், அந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று திரை சொல்லும்.

தொடக்கத்தில், தொடர்பு அறுந்தால் நிரலும் நின்றுபோனது. “ஆளுங்க வரிசைல நிக்கிறாங்க, இது சும்மா சும்மா செத்துப் போவுது லா,” என்று தங்கராஜு சலித்துக்கொண்டார். தொடர்பு போனால் பிழையை விழுங்கிவிட்டு வெற்றுப் பதிலைத் தரும்படி புவனேஸ் மாற்றினாள். சலிப்பு நின்றது.

அன்று காலை, மலை நகரமான தானா ராத்தாவில் தன் அறையில் சர்வர் பதிவுகளைப் பார்த்தாள். கிளினிக்கின் தொடர்பு விட்டுவிட்டு அறுந்திருந்தது. ஆனாலும் யாரும் அவளை அழைக்கவில்லை. அப்படியென்றால் திரை என்ன காட்டியிருக்கும்? பதில் வெறுமையாக வந்தால் ‘ஒவ்வாமை: இல்லை’ என்று காட்டச் சொன்னவளும் அவளே.

தங்கராஜுவை அழைத்தாள். மணி போகவே இல்லை. மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள். முன்னால் ஒரு காய்கறி லோரி ஊர்ந்தது. பனிமூட்டத்தில் முந்தவும் வழியில்லை. தவறான மருந்து யாருக்குப் போயிருக்கும், குழந்தையாக இருந்தால் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

கிளினிக்கில் தொடர்பு திரும்பியிருந்தது.

“அண்ணே, காலைல வந்தவங்க பேர எல்லாம் திரும்பத் தட்டுங்க. லைன் இல்லாதப்போ அது பொய் சொல்லியிருக்கு.”

கொழுந்து பறிக்கும் யோகேஸ்வரியின் பெயரைத் தட்டியதும் பென்சிலின் ஒவ்வாமை என்று வந்தது. தங்கராஜு திரையிலிருந்து திரும்பினார்.

“அந்த வகை மாத்திரையத்தான் குடுத்தேன். கேட்டதுக்கு ஞாபகம் இல்லன்னா. இதுவும் இல்லன்னுச்சு. ஒன்ன இங்கயே முழுங்கிட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போனா.”

இருவரும் ஓடினார்கள். மலைச்சரிவில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் யோகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. தங்கராஜு அவள் தொடையில் ஒவ்வாமையை முறிக்கும் ஊசி போட்டார். தோட்டத்து வேன் தானா ராத்தா மருத்துவமனைக்கு விரைந்தது. வழியெல்லாம் அவள் கையைப் பிடித்தபடி, அந்த மூச்சையே கேட்டுக்கொண்டு வந்தாள் புவனேஸ்.

ஆபத்து நீங்கியது என்று மருத்துவர்கள் பிற்பகலில்தான் சொன்னார்கள்.

“என் தப்புக்கா,” என்று கட்டிலில் கிடந்த யோகேஸ்வரியிடம் சொன்னாள் புவனேஸ்.

“மழைக்கு லைன் போனா நீ என்னம்மா பண்ணுவ?”

“போனதுக்கு இல்லக்கா. போனதச் சொல்லாம மறைச்சதுக்கு.”

மறுநாளே நிரலைத் திருத்தினாள். தொடர்பு அறுந்தால் சற்று இடைவெளி விட்டு மீண்டும் முயலும். அப்போதும் கிடைக்காவிட்டால் ‘தெரியவில்லை, மருந்து தர வேண்டாம்’ என்று சிவப்பில் காட்டும். பிறகுதான் அதே மலையில் திரிங்காப் என்ற ஊரில் இன்னொரு கிளினிக்குக்கும் இதே வரிகளை எழுதிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அங்கே வேலை செய்யும் மோகனாவை அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

“இங்க யாருக்கும் ஒன்னும் ஆவலையே,” என்றாள் மோகனா.

“கம்ப்யூட்டர மூடுங்கக்கா. நான் கெளம்பி வரேன். அதுவரைக்கும் ஆளுங்களையே கேட்டுக் கேட்டு மருந்து குடுங்க, தெரியலன்னா குடுக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு புவனேஸ் சாவியைத் தேடினாள்.