காலி நாற்காலி ஏலம் கேட்டது

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம். புளியமரம், சலங்கைச் சத்தம் என்று கதை விடுகிற ஆள் நான் இல்லை. எனக்கு நடந்தது பட்டப்பகலில். டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. சுற்றி நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். 2009 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. இன்றைக்கும் அதைச் சொல்ல ஆரம்பித்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

என் பேர் ரசூல். ஊர் உத்தமபாளையம். தாய்மாமன் ராஜா முகம்மதுவின் ஏலக்காய்க் கடைக்காகப் போடி ஏலத்தில் உட்கார்ந்து சரக்கு எடுப்பது என் வேலை. முன்பெல்லாம் வாயால் கத்தி விலை கேட்பார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் அந்தக் கத்தல் போச்சு. ஆளுக்கொரு ஸ்கிரீன், ஒரு கீபோர்டு. ஒரு தட்டு தட்டினால் ஒரு ரூபாய் ஏறும். வேண்டுமானால் எண்ணை அடித்து ஒரேயடியாகவும் ஏற்றலாம். பதினைந்து நொடிக்குள் வேறு யாரும் தட்டாவிட்டால் சரக்கு நமக்கு. யார் தட்டியது என்று மட்டும் ஸ்கிரீன் காட்டாது.

எனக்கு அது தேவையும் இல்லை. தட்டுகிற சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். வலது பக்கம் ஒச்சாண்டி அண்ணன் கொசு அடிக்கிற மாதிரி அடிப்பார். பின்வரிசை ராக்கையா தட்டலாமா வேண்டாமா என்று விரலைத் தேய்ப்பார். தேய்க்க ஆரம்பித்தால் அவர் கடைசி விலைக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். நான் கடைசி இரண்டு நொடி வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பேன். எதிராளி ஜெயித்துவிட்டோம் என்று மூச்சு விடும்போது தட்டுவேன். மூன்று தடவை இப்படிச் செய்தால் பாதிப் பேர் எரிச்சலில் விட்டுவிடுவார்கள்.

அன்று காலை மாமு என்னைக் கடைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கொல்கத்தா பார்ட்டிக்கு எட்டு எம்.எம். பச்சை ரகம் அன்றைக்கே வேண்டுமாம். ஏற்கெனவே இரண்டு வாரம் வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். மாமு முகத்தில் சிரிப்பே இல்லை.

"கிலோ எழுநூத்தி நாப்பத்திரெண்டு. அதுக்கு மேல ஒத்த ரூவா ஏறக்கூடாது. சரக்கில்லாம வந்தாலும் சரி, வெல ஏறி வந்தாலும் சரி, நாளைலருந்து ஒன் சீட்டுல சதாம் ஒக்காருவான்."

சதாம் அவர் மகன். பதினோரு வருஷம் இந்த ஒரு தொழிலைத்தான் கற்றிருக்கிறேன். அந்தக் கடைசி விலை எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். ஏலத்துக்குப் போகிறவன் அதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டான்.

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் இடது பக்கத்து நாற்காலி காலி. அதில் உட்காரும் பலவேசம் ஆண்டிபட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தான். அவன் ஸ்கிரீன் இருட்டாகக் கிடந்தது.

மணி 3.05. புது லாட்டின் சாம்பிள் பை கைக்கு வந்தது. கொட்டிப் பார்த்தேன். உருண்டு திரண்ட பச்சை. எனக்கு வேண்டிய சரக்கு இதுதான். அந்த ரகத்தில் அன்றைக்கு வேறு லாட் கிடையாது.

680-இல் ராக்கையா விரலைத் தேய்த்துவிட்டு நிறுத்தினார். 701 அடித்த ஒச்சாண்டி அண்ணன் கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஐந்து நொடி... மூன்று... தட்டினேன். 702. அப்பாடா என்றிருந்தது.

டிங்.

703.

அது கீபோர்டு சத்தமே இல்லை. இரும்பில் இரும்பு படுகிற சத்தம். இடது பக்கத்திலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் யாரும் இல்லை. ஸ்கிரீன் அப்படியே இருட்டு.

"அண்ணே, என்னமோ டிங்குன்னு கேக்குதா?"

"ஒனக்குத்தான் பாம்புக் காதாச்சே. எனக்கு ஒண்ணும் கேக்கல. ஆனா எவனோ ஒன்ன விட மாட்டேங்கிறான்ப்பா" என்றார் ஒச்சாண்டி அண்ணன்.

கடைசி நொடி வரை காத்திருந்து தட்டினேன். அதுவும் கடைசி நொடி வரை காத்திருந்தது. டிங். உடனுக்குடன் தட்டினேன். அதுவும் உடனுக்குடன் தட்டியது. என் வித்தையை எனக்கே காட்டுகிறது! கோபம் வந்துவிட்டது. 715 வந்ததும் ஒரே தாவலாக 730 அடித்தேன். அப்படித் தாவினால் எப்பேர்ப்பட்டவனும் ஒரு நிமிஷம் யோசிப்பான்.

டிங். 731.

ஹால் முழுக்க ஏலக்காய் வாசனை. என் இடது பக்கம் மட்டும் டெட்டால் வாடை...

எழுந்து ஓடிவிடலாமா? ஓடினால் வேலை போச்சு.

734... டிங்.

738... டிங்.

740. மணி 3.16. யா அல்லாஹ், போதும்.

டிங்.

741.

742 தட்டினேன். இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

பத்து நொடி...

ஐந்து...

காதுக்குப் பக்கத்தில் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

சரக்கு எனக்கு. மணி 3.17.

கடைக்குத் திரும்பியதும் மாமு முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த மனுஷனிடம் இதைச் சொன்னால் மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவார். மூன்றாம் நாள், சரக்கு நன்றாக இருக்கிறது, இதே தோட்டத்தில் அடுத்த பறிப்புக்கும் சொல்லிவைத்துவிட்டு வா என்று என்னைக் கோம்பைக்கு அனுப்பினார். தோட்டத்துச் சொந்தக்காரர் பேர் கருத்தக்கண்ணன். அவரை நான் பார்த்ததே இல்லை.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. அவர் மனைவி சுருளியம்மாள் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தார். ஏலக்காய் விஷயமாக வந்தேன் என்று மட்டும் சொன்னேன். கணவர் தேனி ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை இறந்துபோய்விட்டாராம். எத்தனை மணிக்கு என்று என் வாய் தானாகக் கேட்டது. மூணு பதினேழு என்று நர்ஸ் எழுதினாளாம்.

"நாலு நாளா நெனவே இல்ல தம்பி. அன்னைக்கு மத்தியானம் மட்டும் வெரல் ஆடுச்சு. குச்சனூர் சனீஸ்வரன் கோயில்ல வாங்குன இரும்பு மோதிரம் போட்டிருப்பாக. அத வச்சுக் கட்டில் கம்பியில டிங்கு டிங்குன்னு தட்டிக்கிட்டே கெடந்தாக. நர்சு கையப் பிடிச்சு மெத்தையில வச்சாலும் கேக்கல."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொறவு நிறுத்திட்டாக. கண்ணத் தெறந்து, 'போதும், அந்தப் பயகிட்ட இதுக்கு மேல இல்ல'ன்னாக. அம்புட்டுத்தான், போயிட்டாக. யாரச் சொன்னாகன்னு இப்ப வரைக்கும் எங்களுக்குத் தெரியல தம்பி."